எல்லா வாயும் சொல்லணும்

அத்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து எங்கள் வீட்டில் இங்கிலீஷ்தான் அதிகம் கேட்கிறது. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. போடியில் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தண்ணீர் என்று கேட்க அவருக்கு வாய் வராது. மகன் பெயர் வராது. வலிக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் கண்ணைத் திறந்ததும், "டர்ன் ஆன், டர்ன் ஆஃப், டர்ன் அப், டர்ன் டவுன், டர்ன் ரவுண்ட்" என்று ஓர் எழுத்துப் பிசகாமல் கணீரென்று சொல்வார். பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், படுக்கை நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பெரும்பாலும் நனைந்திருக்கும்.

துணி மாற்றும்போது "கெட் அப், கெட் ஆன், கெட் ஆஃப், கெட் ஓவர்" ஓடும். சோறு ஊட்டும்போது "புட் ஆன், புட் ஆஃப், புட் அவுட், புட் அவே" ஓடும். சில நாள் தற்செயலாகப் பொருந்திவிடும். ரவிக்கைக்குள் கையை நுழைத்துவிடும் நேரத்தில் "புட் ஆன்" வந்து விழுந்தால், எவ்வளவு அலுப்பிலும் சிரித்துவிடுவேன். மற்ற நாட்களில் சம்பந்தமே இருக்காது. ஆரம்பித்துவிட்டால் நிறுத்தவும் முடியாது. நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்தால் விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். கடைசிச் சொல் வரைக்கும் போய்த்தான் ஓய்வார்.

தேனியில் நாங்கள் காட்டும் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். "பாட்டு, வாய்ப்பாடு, மனப்பாடம் இதெல்லாம் மூளையில வேற இடத்துல தங்கியிருக்கும்மா. அது தன்னால ஓடும். அதைப் பேச்சுன்னு எடுத்துக்காதீங்க." நான் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. பேச்சு இல்லையென்றால் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா.

அவரிடம் படித்த பெண்கள் அவ்வப்போது பார்க்க வருவார்கள். இன்று அவர்களே மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதுக்காரிகள். டீச்சர் "லுக் அட், லுக் ஃபார்" என்று தொடங்கியதும், இவர்களும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போலக் கூடவே சொல்வார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். "டீச்சர் நல்லாத்தானே பேசுறாக! உனக்கு என்ன புள்ளே, கொடுத்து வச்சவ" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். அந்த முதுகு தூக்கித் தூக்கி விட்டுப்போன முதுகு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் குடித்த காபி தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, அத்தையை மறு பக்கம் புரட்டிப் படுக்க வைப்பேன்.

எனக்கும் அந்த வரிசைகள் புதிதில்லை. நான் சிலமலைக்காரி. அங்கிருந்து பஸ்சில் வந்து போடியில் படித்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்கு இங்கிலீஷ் எடுத்தது அவர்தான். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. ஆகவே 'கிவ் அப்' என்பதற்கு 'மேலே கொடு' என்று பரீட்சையில் எழுதி வைத்தவள் நான். வகுப்பில் அதை வாசித்துக்காட்டி அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஒத்தை ஒத்தையாப் பிடிச்சா ரெண்டும் கையில நிக்காது. சேத்துப் பிடி. கிவ் அப்புன்னா, முடியலன்னு விட்டுடுறது. எப்படி அந்த அர்த்தம் வந்துச்சுன்னு கேக்காதே. நம்ம பேச்சுல மட்டும் என்னவாம்? 'பாரு'ன்னா ஒண்ணு, 'பாத்துக்கோ'ன்னா வேற ஒண்ணு. நாம பின்னாடி ஒரு 'கோ'வை மாட்டுறோம். அவுக லுக்குக்குப் பின்னாடி ஆஃப்டரை மாட்டுறாக. அம்புட்டுத்தான்."

அன்றைக்கு அது காதில் ஏறவில்லை. இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன். பார்ப்பது சுலபம். வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பார்த்துக்கொள்வதுதான் ஆளைத் தின்கிறது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா மலைக்குப் போகிறவள். விடிவதற்குள் ஜீப்பு ஏறி, முந்தல் தாண்டி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குவார்கள். அதனால் டீச்சருக்கு வேறு உதாரணமே தேவைப்படவில்லை. 'மை மதர் கோஸ் அப். மை மதர் கம்ஸ் டவுன்.' இதில் 'வெரசா'வைச் சேருங்கள் என்பார். நாங்கள் தமிழில் வைக்கிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்து, 'மை மதர் ஃபாஸ்ட் கம்ஸ் டவுன்' என்போம். "அங்க வினை முன்னாடி போயிரும் புள்ளைகளா. கூட்டம் எல்லாம் பின்னாடிதான் வரும். ஃபாஸ்ட்டைக் கடைசியில கொண்டுபோய் விடுங்க" என்பார். பஸ்சில் ஏறினால் கெட் ஆன், ஜீப்பில் ஏறினால் கெட் இன். நிமிர்ந்து நிற்க இடமிருந்தால் ஆன், மடங்கி உட்கார்ந்தால் இன் என்று ஒரு கணக்கும் சொல்லித்தந்தார். நான் எழுந்து, "எங்கம்மா பின்னாடி கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுத்தான் டீச்சர் போவாக. அதுக்கு என்ன?" என்று கேட்டேன். "இங்கிலீஷ்காரன் நம்ம ஊர் ஜீப்பைப் பாத்திருக்க மாட்டான். நீ உக்காரு" என்றார்.

அவருடைய வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஜோடியையும் சொல்லி இடது கையை உயர்த்துவார். வலது கையில் சாக்பீஸ் இருக்கும். வகுப்பு முழுக்க அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாரும் சொன்னால்தான் கை இறங்கும், அடுத்த ஜோடி வரும். ஒருத்தி சொல்லாவிட்டாலும் கை அப்படியே நிற்கும். நான் கடைசி பெஞ்ச். தப்பாகச் சொல்லிச் சிரிப்பாகிவிடுமோ என்ற பயத்தில் உதட்டை மட்டும் அசைப்பேன். இத்தனை பேர் கத்துகிற இடத்தில் ஒரு வாய் குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பு. அவருக்குத் தெரியும். கையை இறக்காமல் என்னையே பார்ப்பார். "எல்லா வாயும் சொல்லணும்" என்பார். நான் சத்தமாகச் சொல்வேன். கை இறங்கும்.

பின்னாளில் அவரே வந்து என்னை மகனுக்குக் கேட்டது ஊரில் எல்லாருக்கும் ஆச்சரியம். தூரத்துச் சொந்தம் என்றாலும், படிக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். "என் மகன் வாயில்லாப் பூச்சி. என்கிட்டயே எதுத்துக் கேள்வி கேட்ட புள்ளை இவதான்" என்றாராம். டீச்சர் என்று கூப்பிட்ட வாய் அத்தை என்று மாற ரொம்ப நாளாயிற்று.

வாயில்லாப் பூச்சி என்று அவர் சொன்னது சரிதான். என் கணவருக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. சனிக்கிழமை இறங்கி ஞாயிறு சாயந்திரம் ஏறிவிடுவார். மலையாளத்துக்காரர்களோடு பழகிப் பழகி, எதற்கும் "சாரமில்ல" என்பார். அவர்கள் பேச்சில் பரவாயில்லை என்று அர்த்தம். அத்தைக்கு முதுகில் புண் வந்திருக்கிறது என்றால் சாரமில்ல. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றால் சாரமில்ல. பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொன்னால் பாரம் குறைந்துவிடுமா? மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆக, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் வீட்டில் நானும் டர்ன் ஆன் டர்ன் ஆஃப்பும்தான்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. போடியில் ஏலக்காய் இருப்பு வைக்கிற ஒரு கிட்டங்கியில், காய் தரம் பிரிக்கிற பெண்களுக்கு நான்தான் பொறுப்பு. வரிசையாக உட்கார்ந்து சுளகில் காயைத் தட்டி, பச்சை குறைந்ததையும் வெடித்ததையும் பொறுக்கித் தள்ளுவார்கள். அந்த வாசனையும் அந்தப் பேச்சும் சிரிப்பும் எனக்கு மூச்சு மாதிரி. அத்தை விழுந்தபோது லீவு சொல்லிவிட்டு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. எனக்குப் பதிலாக ஆட்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த முதலாளி இந்த ஆடியில் ஆள் அனுப்பினார். காய் இறங்கப் போகிறது, இனிமேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் சொன்னேன். "என்னால முடியலங்க. மதுரையில ஒரு இல்லம் இருக்காம், நல்லாப் பாத்துக்கிறாகளாம். அங்க கொண்டு விடுவோம்." நான் அதை விரும்பினேன். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் என் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, டிபன் டப்பாவோடு கிட்டங்கிக்கு நடந்து போக வேண்டும் என்று உடம்பெல்லாம் ஏங்கியது.

அன்றைக்கு மட்டும் அவர் வாயில் சாரமில்ல வரவில்லை. "அம்மா சரின்னு சொன்னா சரி" என்றார். பேச்சே இல்லாதவர் எப்படிச் சரி என்று சொல்வார்? ஆனாலும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, "ஆத்தா, மதுரையில ஒரு இடம் இருக்கு. அங்க போய் இருக்கியா?" என்று கேட்டார்.

அத்தை அவரைப் பார்த்தார். "கோ ஆன், கோ ஆஃப், கோ அவுட், கோ ஓவர், கோ த்ரூ" என்று ஓட ஆரம்பித்தார்.

கணவரின் முகம் தெளிந்துவிட்டது. "'கோ'ங்குறாகள்ல? போறேன்னுதானே சொல்றாக?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலையில கஞ்சி குடிக்கையிலயும் இதே 'கோ'தான் வந்துச்சு. அது பதில் இல்ல. நமக்கு வேணும், நாம கொண்டுபோய் விடுறோம். அவுக சொன்னாகன்னு அவுக தலையில கட்டாதீங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அப்படித்தான் முடிவாயிற்று. நாங்களேதான் முடிவு செய்தோம். சென்னையில் இருக்கும் நாத்தனாரும் போனில், "நீங்க பாத்துச் செஞ்சா சரிதான்" என்றாள். இல்லத்துக்குப் போன் செய்து இடம் சொல்லிவைத்தோம். கிட்டங்கிக்கும் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

ஞாயிறு காலையில் வாடகைக் கார் வந்தது. அத்தைக்கு நல்ல சேலை கட்டிவிட்டேன். பள்ளிக்குப் போகும்போது கட்டுவாரே, அந்தக் கரை வைத்த பருத்திச் சேலை. தலை வாரினேன். பவுடர் போட்டேன். அவர் பாட்டுக்கு "டேக் ஆஃப், டேக் ஓவர், டேக் அவே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என்று வழி நெடுக ஒரு வரிசை முடிந்தால் இன்னொரு வரிசை. டிரைவர் ஒருதரம் திரும்பிப் பார்த்து, "பெரியம்மா ரொம்பப் படிச்சவுக போல" என்றார்.

இல்லத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. கட்டில்களுக்கு இடையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். ஜன்னலை ஒட்டி அத்தைக்கு ஒரு கட்டில் தயாராக இருந்தது. பொறுப்பில் இருந்த அம்மா இதமாகப் பேசினார். கார்க் கதவைத் திறந்து குனிந்து, "வாங்கம்மா, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று கையை நீட்டினார். கணவர் சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். துணிப்பையோடு நான் அதற்குப் பின்னால் நின்றேன்.

அத்தை தொடங்கினார். "கம் இன், கம் அவுட், கம் அப், கம் டவுன், கம் பேக்."

அதற்கு அடுத்தது கம் அக்ராஸ். பிறகு கம் அலாங். எனக்கு அந்த வரிசை தூக்கத்திலும் தெரியும். ஆனால் கம் அக்ராஸ் வரவில்லை. நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன், தொண்டை வறண்டிருக்கும் என்று. அவர் மறுபடியும் சொன்னார். "கம் பேக்."

அப்புறம் இடது கை உயர்ந்தது. வாதம் விழாத கை அது. மெதுவாக மடியிலிருந்து எழும்பி, தோள் உயரத்துக்கு வந்து, உள்ளங்கை எங்களைப் பார்க்க நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அவருடைய எந்த வரிசையும் நடுவில் நின்றதில்லை. அந்தக் கை ஒருநாளும் அப்படி உயர்ந்ததில்லை.

"கம் பேக்" என்றார் கணவர். யோசித்துச் சொல்லவில்லை, அவரும் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். இல்லத்து அம்மாவும் ஏதோ விளையாட்டு என்று நினைத்து, சிரித்துக்கொண்டே "கம் பேக்" என்றார். டிரைவரும் சொன்னார். கை இறங்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார்.

கிட்டங்கி கண்முன்னால் வந்தது. சுளகுச் சத்தம் கேட்டது. நான் கடைசி பெஞ்சில் செய்தது போலவே உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் பார்வை என் வாயை விட்டு நகரவில்லை. தூக்கிப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்தது. ஆனாலும் இறங்கவில்லை. அந்த நடுக்கத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கம் பேக்" என்றேன், சத்தமாக.

கை இறங்கியது. அத்தை சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மணி அடித்து வகுப்பு முடிந்தது போல அப்படி ஓர் ஓய்வு அந்த முகத்தில். அவரைக் கொண்டு விட வந்தவள் நான். அவர் முகத்தைப் பார்த்து, திரும்பி வாங்க என்று வாய் திறந்து சொன்னவளும் நான். இதற்கு மேல் அந்த நாற்காலியில் அவரைத் தூக்கி வைக்க எந்தக் கையால் முடியும்? துணிப்பையைக் காருக்குள் வைத்தேன். "மன்னிச்சுக்கோங்கம்மா, நாங்க கெளம்புறோம்" என்றேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. இப்படித் திரும்பிப் போகிறவர்கள் உண்டு என்றார்.

திரும்பும் வழியில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர் கேட்கவும் வலி சொல்லவும் வராத வாய்க்கு இது மட்டும் எப்படி வந்தது? உசிலம்பட்டியில் காரை நிறுத்தி டீ குடித்தோம். கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இனிமே புதன்கிழமையும் எறங்கி வர்றேன்" என்றார். சொன்னபடி கொஞ்ச நாள் வந்தார். காய் எடுப்பு மும்முரமானதும் அதுவும் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் கிட்டங்கிக்குப் போன் செய்து, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து டர்ன் ஆன், டர்ன் ஆஃப் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எந்த வரிசையும் நடுவில் நிற்கவில்லை. கம் என்று தொடங்கினால் பேக்கைத் தாண்டி அக்ராஸ், அலாங் என்று கடைசி வரைக்கும் போய்விடுகிறது. கையும் மடியிலேயே கிடக்கிறது. அன்றைக்கு நடந்தது பேச்சா, வெறும் தடங்கலா என்று டாக்டரிடம் கேட்கலாம். நான் கேட்கவில்லை. தடங்கல்தான் என்று அவர் சொல்லிவிட்டால் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, பிடித்துக்கொண்ட இடுப்போடு சுவரில் சாய்ந்து நிற்கும்போதெல்லாம் தோன்றும், அன்றைக்கு உதட்டை அசைத்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்று. தோன்றிய கையோடு இதுவும் தோன்றும்: நான் சொல்லும்வரைக்கும் அத்தை அந்தக் கையை இறக்கியிருக்க மாட்டார்.